வெள்ளை அடித்த மரங்கள்

மலைச்சரிவில் இருக்கும் அந்தக் குடியிருப்பைப் பார்ப்பதற்கு, கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளை இப்போதெல்லாம் பஸ் வைத்து அழைத்து வருகிறார்கள். வாசலில் கறுப்புக் கல்லில் பொன் எழுத்து மின்னுகிறது: மலையின் மனம் அறிந்து அமைத்த குடியிருப்பு. அங்கே ஒரு வீட்டில் நின்றால் அடுத்த வீடு கண்ணில் படாது. எந்த ஜன்னலைத் திறந்தாலும் காடு. சாலையோ வழி தெரியாதவன் மாதிரி மரங்களைச் சுற்றிச் சுற்றிப் போய், கடைசியில் எப்படியோ வீடு சேர்த்துவிடும். இதற்கு விருதும் கொடுத்தார்கள். விருதை வாங்கிக்கொண்ட மேனேஜர், "நாங்கள் மலையிடம் கேட்டோம், மலை பதில் சொன்னது" என்று மேடையில் பேசினார். கூட்டம் கை தட்டியது.

மலையிடம் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. மலை கிடக்கட்டும், மனுஷனிடம் மனுஷன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தக் குடியிருப்பு இப்படி அமைந்தே இருக்காது. மற்ற குடியிருப்புகளைப் போல வரிசையாக, பல் விளக்கும்போது எதிர்வீட்டுக்காரர் பல் விளக்குவது தெரிகிற மாதிரி அமைந்திருக்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை நாட்டில் நிறைய உண்டு. இது குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்த கதை. இதைச் சர்வேயரின் வீட்டுச் சண்டையிலிருந்து ஆரம்பித்தால்தான் விளங்கும்.

சர்வேயர் ஒல்லியான மனிதர். பென்சில் முனை கூராக இல்லாவிட்டால் கையெழுத்துக்கூடப் போட மாட்டார். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் மருந்துக் கவுன்டரில் வேலை. அவளுடைய அண்ணன் மரம் வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், தங்கை வீட்டில்தான் பாதிச் சாப்பாடு. மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு காலத்தில் நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள்.

சர்வேயர் சொந்தமாக வீடு கட்டிக் குடிபோன அன்று உறவுக்காரர்கள் எல்லாரும் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியும் சாப்பிட்டார். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். "மாப்பிள்ளை, வீடு பிரமாதம். லேசா இடது பக்கம் சாய்ஞ்ச மாதிரி இல்ல?" என்றார்.

வேறொருவராக இருந்தால் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார். சர்வேயர் எழுந்து போய் அலமாரியிலிருந்து மட்டம் பார்க்கிற லெவல் கருவியை எடுத்து வந்தார். பந்தியின் நடுவே முக்காலியை விரித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவின் கையிலிருந்து தட்டை வாங்கி வைத்துவிட்டு, அளவுகோலைக் கொடுத்து மூலையில் நிறுத்தினார். நாலு மூலையும் அளந்து முடிக்கும் வரை யாரும் வாயைத் திறக்கவில்லை, சாப்பிடுவதற்குக்கூட. "ஒரு நூல் வித்தியாசம் இல்லை" என்று அறிவித்தார் சர்வேயர். மேஸ்திரி மென்றுகொண்டே சொன்னார்: "கருவி சாய்ஞ்சிருக்கும்."

வீடே இடிகிற மாதிரிச் சிரித்தார்கள். சித்தப்பா கோலைப் பிடித்தபடியே சிரித்தார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர போக்குவரத்து நிற்கவில்லை. மேஸ்திரி வழக்கம்போல் வருவார், உட்காருவார், சாப்பிடுவார். இருவருக்கும் நடுவே அவள் இருப்பாள். "உங்க அண்ணன்கிட்ட சொல்லு, மழை வர்ற மாதிரி இருக்கு, குடையை எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்பார் சர்வேயர். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் மேஸ்திரி, "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு பாப்பா, எனக்கும் கண்ணு இருக்கு" என்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவளுக்காகவே சொன்ன மாதிரி இருந்தது. முதலில் அவள் நிஜமாகவே திரும்பிச் சொல்வாள். பிறகு தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவாள். வருஷம் போகப் போக அதுவும் இல்லை, காதை மட்டும் கொடுத்தாள்.

இப்படி இருக்கையில்தான் ஒரு கம்பெனி மலைச்சரிவை வாங்கியது. காடாகக் கிடந்த சரிவில் திட்டம் போட்டு வீடு கட்டுவது, சாலை, பூங்கா, சமுதாயக்கூடம் எல்லாம் வைப்பது என்று ஏற்பாடு. அளப்பதற்குச் சர்வேயரை எடுத்தார்கள். வெட்டுவதற்கு மேஸ்திரியை எடுத்தார்கள். ஒருவரை எடுத்தது மற்றவருக்குத் தெரியாது. தெரிந்தபோது, "உங்க அண்ணன்கிட்ட கேளு, ஊர்ல வேற மலையே இல்லையான்னு" என்றார் ஒருவர். "உன் வீட்டுக்காரரைக் கேளு, மலை அவங்க அப்பன் வீட்டுச் சொத்தான்னு" என்றார் மற்றவர்.

அந்தச் சமயம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நல்ல காய்ச்சல், கண் திறக்க முடியவில்லை. கட்டிலுக்கு இந்தப் பக்கம் கணவர், அந்தப் பக்கம் அண்ணன். இரண்டு பேர் முகத்திலும் கவலைதான், இல்லையென்று சொல்ல முடியாது. சர்வேயர் குனிந்து அவள் காதருகே மெதுவாகச் சொன்னார்: "உங்க அண்ணன்கிட்ட சொல்லு, நீ தூங்கறே, சத்தம் போட வேண்டாம்னு."

காய்ச்சல் விட்டதும் அவள் துணிமணிகளைப் பையில் அடுக்கினாள்.

"எங்கே போறே?"

"ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல ரூம் காலியா இருக்கு. நீங்களும் அண்ணனும் நேருக்கு நேர் பேசற அன்னிக்கு வர்றேன். அதுவரைக்கும் என்னைத் தேட வேண்டாம்."

"நான் வேணும்னா பேசத் தயார். முதல்ல உங்க அண்ணன்கிட்ட சொல்லு..."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். சர்வேயர் வாசலில் நின்று அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நூல்கூடச் சாயாத அந்த வீட்டில் அதன்பிறகு ஓசையே இல்லை. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வந்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பார். அவள் இல்லாமல் அவரால் முடியவில்லை, அதுதான் உண்மை. மச்சானிடம் ஒரு வார்த்தை பேசினால் அவள் வந்துவிடுவாள் என்பதும் தெரியும். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நினைத்தாலே, முதலில் அவர் பேசட்டுமே, பெரியவர்தானே என்று தோன்றும். மேஸ்திரியும் தன் கொட்டகையில் படுத்துக்கொண்டு, படித்தவர்தானே, அவர் பேசட்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

மலையில் வேலை ஆரம்பமானது. வனத்துறை கொடுத்த அனுமதியில் விஷயம் தெளிவாக இருந்தது: பாதிக் காட்டை வெட்டலாம், பாதி நிற்க வேண்டும், எந்தப் பாதி என்பதைக் கம்பெனியே முடிவு செய்து கொள்ளலாம். வரைபடப்படி வீடுகளும் சாலையும் வரும் இடத்தில் மரம் போக வேண்டும். வீடுகளுக்குப் பின்னால், வரிசைகளுக்கு நடுவில், பூங்காவில் மரம் நிற்க வேண்டும். நிற்க வேண்டிய மரங்களைக் குறிக்கச் சர்வேயர் வெள்ளைப் பெயின்டும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினார். நெஞ்சு உயரத்தில், மரத்தைச் சுற்றி ஒரு வளையம். வளையம் சமமாக வருகிறதா என்று தள்ளி நின்று பார்த்து, அப்புறம்தான் அடுத்த மரம்.

அவர் தொழிலில் வெள்ளை என்றால் தொடாதே என்று அர்த்தம். சர்வே கல்லுக்கு வெள்ளைதான் அடிப்பார்கள். அதை அசைத்தவன் கோர்ட்டுக்குப் போக வேண்டும். எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று அவர் நினைத்தார். மேஸ்திரி தொழிலிலும் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று இருந்தது. காட்டில் ஒரு மரத்தின்மேல் பெயின்ட் இருந்தால் அந்த மரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று அர்த்தம். விட்டுவிடப் போகிற மரத்துக்கு எந்தப் பைத்தியக்காரன் பெயின்ட் அடிப்பான்?

சரிவின் அடியில் ஒரே ஒரு டீக்கடை. குறித்து முடித்த அன்று சர்வேயர் பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்து டீ குடித்தார். மறுமுனையில் மேஸ்திரி. வழக்கமாக நடுவில் இருக்கிறவள் நடுவில் இல்லை. சர்வேயர் டீக்கடைக்காரரைப் பார்த்து, "வெள்ளை அடிச்சு முடிச்சாச்சு. இனிமே வேலையை ஆரம்பிக்கலாம்" என்றார். டீக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் "ஆரம்பிங்க சார்" என்றார். மேஸ்திரி கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். வேலையை ஆரம்பித்தார்.

சர்வேயர் வரைபடத்தில் முத்திரை வாங்கத் தலைமை அலுவலகத்துக்குப் போனார். அங்கே முத்திரை போடுகிறவர் லீவு. அவர் வரும் வரை இருந்து வாங்கிக்கொண்டுதான் திரும்பினார். ஜீப் கடைசி வளைவைத் திரும்பியபோது, வானம் இருக்கக் கூடாத இடத்தில் வானம் இருந்தது. ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பூங்கா இருக்க வேண்டிய மேடு மொட்டை. வரிசைகளுக்கு நடுவில் நிற்க வேண்டிய மரங்கள் எல்லாம் சாலையோரம் கட்டை கட்டையாக அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொரு மரத்திலும் அவர் போட்ட வெள்ளை வளையம், சமமாக, அழகாக இருந்தது. முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை கட்ட வேண்டிய இடத்தில் காடு ஒரு இலை குறையாமல் ஜம்மென்று நின்றது.

சர்வேயர் ஒரு அடிமரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

சற்றுத் தள்ளி மேஸ்திரி இடுப்பில் கை வைத்து நின்றார். சொன்ன கெடுவுக்கு முன்பே முடித்திருந்தார், ஒரு ஆளுக்கும் சிராய்ப்புகூட இல்லை. பாராட்டு வரும், யார் மூலமாக வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதாவது சர்வேயர் வாய் திறந்ததா? திறந்தது, ஜீப் டிரைவரிடம். "அந்த ஆளைக் கேளுங்க, என்ன காரியம் பண்ணியிருக்கார்னு."

டிரைவர் கேட்டார். மேஸ்திரி டிரைவரிடம், "பெயின்ட் அடிச்சது யாருன்னு அவரைக் கேளுங்க" என்றார்.

மேனேஜர் இருவரையும் தகர ஷெட்டுக்குள் கூப்பிட்டு விசாரித்தார். மேசைமேல் வரைபடம், மூலைக்கொரு கல் வைத்து விரித்திருந்தது. சர்வேயர் மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளைன்னா தொடக் கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அவர்கிட்ட சொல்லுங்க சார்."

மேனேஜர் மேஸ்திரி பக்கம் திரும்பினார். "அவர் சொல்றார், வெள்ளைன்னா தொடக் கூடாதாம்."

"எங்க தாத்தா காலத்திலேர்ந்து பெயின்ட் பட்ட மரத்தை வெட்டித்தான் எங்களுக்குப் பழக்கம். காப்பாத்தற மரத்துக்குப் பொட்டு வெச்சு அழகு பார்ப்பாங்களா? கேளுங்க சார்."

மேனேஜர் பாதி திரும்பினார். அப்புறம்தான் சுதாரித்துக்கொண்டார். "ஏங்க, ரெண்டு பேரும் ஒரே ரூம்லதானே இருக்கீங்க? நான் எதுக்குங்க நடுவுல? இதுக்கா நான் எம்.பி.ஏ. படிச்சேன்?"

அந்த வேலையை எம்.பி.ஏ. இல்லாமலே ஒருத்தி வருஷக்கணக்காகப் பார்த்தாள் என்பது சர்வேயருக்கு ஞாபகம் வந்தது.

நிலைமை இதுதான். வெட்ட அனுமதித்த பாதி வெட்டியாகிவிட்டது, தப்பான பாதி. இனி ஒரு மரத்தைத் தொட்டாலும் அனுமதி ரத்து. மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருவதற்குள், நிற்கிற மரங்களை எல்லாம் அளந்து, அவற்றை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு வரைபடம் போட வேண்டும், இல்லாவிட்டால் மூன்று பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். வீட்டுக்குப் போய் என்ன செய்வது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சர்வேயர் நினைத்தார்.

மறுநாள் அவருக்கு இருமல் வந்தது. அதாவது, வரவழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் வரிசை நீளமாக இருந்தது. நின்ற பிறகுதான் கவனித்தார், முன்னால் நிற்கிற முதுகு மேஸ்திரியின் முதுகு. மேஸ்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். திரும்பிப் பார்த்தார், முனகலை நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள். வெள்ளைக் கோட்டில் கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தாள். அண்ணனிடம் ஒரு தைலத்தை நீட்டினாள். "காலையிலயும் ராத்திரியும் தேய்ச்சுக்குங்க. அடுத்தவங்க வாங்க."

சர்வேயர் ஜன்னலருகே போய் இருமினார்.

"இது இருமல் இல்லை" என்றாள் அவள்.

"நாலு நாளா இருக்கு."

"ஊரே சிரிக்குது. என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும்." அவள் குரல் கொஞ்சம்தான் உயர்ந்தது, ஆனால் வரிசை முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. "போயிடாதீங்க அண்ணா, நின்னு நீங்களும் கேளுங்க. ஒரு வார்த்தை. வெட்டாதேன்னு இவர் சொல்லியிருக்கணும், வெட்டவான்னு நீங்க கேட்டிருக்கணும். அத்தனை மரமும் அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்திருக்கு. அது எல்லாம் உங்க ரெண்டு பேர் வயசையும் கூட்டினாலும் அதைவிட வயசான மரம். வெட்கமா இல்லை?"

"உங்க அண்ணன்..." என்று ஆரம்பித்தார் சர்வேயர்.

"அவர் இங்கேதான் நிக்கறார்."

சர்வேயர் திரும்பினார். மேஸ்திரி தைல பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பின்னால் நின்ற ஒரு கிழவர், "பேசி முடிச்சுட்டீங்கன்னா எனக்கு மாத்திரை வேணும்மா" என்றார். அவள் இருமல் மருந்தைச் சர்வேயர் கையில் திணித்து அனுப்பிவிட்டாள். வெறும் இனிப்புத் தண்ணீர் அது.

மலையில் வெட்டு வேலை நின்றுவிட்டதால் ஆட்களை அனுப்பியாகிவிட்டது. அளவுகோல் பிடிக்க ஆள் இல்லை. மேஸ்திரியே பிடிக்க வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். போட்டுவிட்டுத் தன் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், மறுபடி யாராவது நடுவில் நிறுத்திவிடப் போகிறார்கள் என்று பயம்.

வாயைத் திறக்காமல் ஒரு மலையை அளக்க முடியுமா என்றால், முடியும். வலது கையைத் தூக்கினால் வலது பக்கம் நகர வேண்டும். இடது கை என்றால் இடது பக்கம். இரண்டு கையையும் விரித்தால் அடுத்த மரம். டீ குடிக்கிற மாதிரிச் சைகை காட்டினால் டீ. காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஒருவர் கருவிக்குப் பின்னால் கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒருவர் மரத்துக்கு மரம் கோலைச் சுமந்துகொண்டு, சரிவு முழுவதும் ஏறி இறங்கினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஏதோ நாட்டியம் பழகுகிறார்கள் என்று தோன்றும்.

ஒரு மத்தியானம் மேஸ்திரி ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். கருவிக்குள் கோலின் மேல்பாதி மட்டும்தான் தெரிந்தது. கோல் இடது பக்கம் சாய்ந்திருந்தது. சர்வேயர் கையைத் தூக்கிக் காட்டினார். மரத்துக்குப் பின்னால் இருப்பவருக்குக் கை எப்படித் தெரியும்? தொப்பியைக் கழற்றி வீசி ஆட்டினார். சுற்றுமுற்றும் பார்த்தார், சொல்லியனுப்ப ஒரு ஈ காக்கை இல்லை. காக்கை இருந்தால் அதனிடம்தான் சொல்லியிருப்பார். அளவு தப்பினால் அந்த மரத்தின்மேல் ஒரு வீடு வந்து உட்காரும். அவருக்கு வியர்த்தது.

"கோல் சாய்ஞ்சிருக்கு!" என்று கத்தினார்.

மரத்துக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "கோல் நேராத்தான் இருக்கு! உங்க கருவி சாய்ஞ்சிருக்கும்!"

சர்வேயர் கருவியை விட்டுவிட்டுச் சரிவில் ஏறி ஓடினார். அந்த வயதில் அவ்வளவு வேகம் அவரிடம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. "என் கருவியைப் பத்திப் பேச உங்களுக்கு என்ன தெரியும்? அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி என் தொழிலைச் சந்தி சிரிக்க வெச்சீங்களே!"

"விளையாட்டுக்குச் சொன்னேன்யா! விளையாட்டுக்கு! சாப்பிடறவன் கையிலேர்ந்து தட்டைப் பிடுங்கினது யாரு?"

"அது என் சித்தப்பா!"

"அவருக்கும் பசிதானே!"

எல்லாம் வந்தது. குடை வந்தது, மழை வந்தது, கடன் வாங்கித் திருப்பித் தராத ஏணி வந்தது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. கடைசியில் சர்வேயர் கீழே மொட்டையாகக் கிடந்த மேட்டைக் கை காட்டி, "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

மேஸ்திரி கோலைத் தரையில் சாய்த்து வைத்தார். "கேட்கணும்னு தோணுச்சு மாப்பிள்ளை. எல்லாம் நல்ல நல்ல மரமா இருக்கே, இதையா போய்க் குறிச்சிருக்கார்னு. மிஷினை நிறுத்திட்டு உங்க கூடாரம் வரைக்கும் வந்தேன். நீங்க ஊர்ல இல்லைன்னாங்க. அப்பாடா, பேச வேண்டாம்னு மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதியோடதான் போய் வெட்டினேன்."

சர்வேயருக்கும் அந்த நிம்மதி தெரியும். டீக்கடையில் மேஸ்திரி எழுந்து போனபோது அவருக்கு வந்ததும் அதுதான்.

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் ஹாஸ்டல் வாசலில் போய் நின்றார்கள். அவள் வந்து பார்த்தாள். "பேசிட்டோம்" என்றார்கள் ஒரே குரலில்.

"யாரு முதல்ல?"

"இவர்தான்" என்று ஒருவரையொருவர் காட்டினார்கள்.

"என்ன பேசினீங்க?"

"கோல் சாய்ஞ்சிருக்குன்னேன்."

"கருவி சாய்ஞ்சிருக்கும்னேன்."

அவள் இருவர் முகத்தையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தாள். "சரி. ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றாள்.

மலை விஷயத்தைச் சொல்லி முடித்துவிடலாம். நிற்கிற மரம் நிற்க, மொட்டையான இடத்தில் எல்லாம் வீட்டைப் போட்டார்கள். தோட்டம் வர வேண்டிய இடத்தில் வீடு, வீடு வர வேண்டிய இடத்தில் காடு. பூங்கா மேட்டில் தண்ணீர்த் தொட்டியும் கடைகளும் வந்தன. சாலைக்கு நேராகப் போக வழியில்லை, வளைந்து போனது. சமுதாயக்கூடம் கட்ட இருந்த இடம் அடர்ந்த புதராகவே நின்றுவிட்டது, ஆனால் பலகை முன்பே எழுதியாகிவிட்டதால் அதை அங்கேயே நட்டார்கள். பிள்ளைகள் இன்றைக்கும் அந்தப் புதருக்குள் ஒளிந்து விளையாடுவதை 'ஹாலுக்குப் போறோம்' என்கிறார்கள். வெட்டிய மரங்களின் பெயரைத் தெருக்களுக்கு வைத்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரோட யோசனை?" என்று கேட்டார். "என்னுடையதுதான்" என்றார் மேனேஜர். சர்வேயரும் மேஸ்திரியும் அதைக் கேட்கவே இல்லை. இருவரும் மூலையில் நின்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். விட்டுப்போன வருஷங்களுக்கும் சேர்த்து அவர்களுக்குப் பேச இருந்தது.

சொன்னபடி அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். சர்வேயர் வீட்டைப் பெருக்கி வைத்திருந்தார், டீ போட்டு வைத்திருந்தார். அவள் பையை வாசல் ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் கையில் எடுத்தாள்.

"ம், சொல்லுங்க" என்றாள்.

அவர் உற்சாகமாக ஆரம்பித்தார். மேட்டைத் தாண்டிச் சாலை எப்படி வளைகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள்.

"இதை அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"காலையிலயே சொல்லிட்டேன்."

"அப்ப எனக்கு எதுக்கு?"

அவர் விழித்தார். வேறு ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். "உங்க அண்ணன்கிட்ட..." என்று நாக்கு தானாகவே ஓடியது. நிறுத்திக்கொண்டார். அவள் அண்ணன் இல்லாத ஒரு வாக்கியத்தைத் தேடினார். பின்னால் போய், அதற்கும் பின்னால் போய்த் தேடினார். இத்தனை வருஷத்தில் அவளிடம் சொன்னதெல்லாம் அவள் எடுத்துக்கொண்டு போய் இன்னொருவரிடம் கொடுக்க வேண்டியதாகவே இருந்தது. அவளுக்கென்று ஒன்றும் அகப்படவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. ஜீப்பை விட்டு இறங்கி மொட்டை மலையைப் பார்த்தபோதுகூட இப்படிப் பயம் வரவில்லை.

அவள் டீயைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்ல ஒரு நர்ஸ் பொண்ணு இருக்கு. போன முதல் நாள் சாயங்காலம் வந்து, 'அக்கா, இன்னிக்கு நாள் எப்படிப் போச்சு'ன்னு கேட்டுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'யார்கிட்ட சொல்லணும்'னு கேட்டேன். அந்தப் பொண்ணு சிரிச்சுது. எனக்கு அழுகை வந்துடுச்சு."

சர்வேயருக்கும் கண் கலங்கியது. தலையைக் குனிந்துகொண்டு, "இன்னிக்கு நாள் எப்படிப் போச்சு?" என்றார்.

"அது அந்தப் பொண்ணோட கேள்வி. உங்களுக்குக் கேட்கத் தோணினதைக் கேளுங்க. இல்லைன்னா விடுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். அவள் அவசரப்படுத்தவில்லை, டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள்.

"அந்த ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கிழக்கே."

"காலையில வெயில் முகத்துல அடிக்குமே."

"அடிச்சுது. கட்டிலை நகர்த்திப் போட்டுக்கிட்டேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

சர்வேயர் தன் நாற்காலியை அவளுக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, கட்டில் இரும்பா மரமா என்று கேட்டார்.